ஆர்ச்சி துரை வாசல் மாறி நுழைந்த கதை

— மூச்ச இன்னும் உள்ள இழுங்க, துரை. இன்னும். அப்படியே வெச்சிருங்க. இப்ப விட்டீங்கன்னா இந்த வார்க்கொக்கி பிச்சுக்கிட்டுப் போயி அயர்லாந்துல யாரு மண்டையிலயாவது விழும்.

— இதுக்கு மேலே இழுக்க உள்ளே இடம் இல்லை, வாட்டி. இது என் கல்யாணத்துக்குத் தைத்த கில்ட் பாவாடை. அன்னைக்கு இதுக்குள்ளே ரெண்டு ஆர்ச்சி நிற்கலாம்.

— இப்ப ஒரு ஆர்ச்சிக்கே ரெண்டு கில்ட் வேணும். கொஞ்சங்கூடக் கூட்டிச் சொல்லல. எஃபி அம்மா மார்மலேடு பாட்டிலத் தினம் ஒரு இடத்துல ஒளிக்கறாங்களாம். எங்க ஒளிச்சாலும் மோப்பம் புடிச்சிடறீங்களாமே.

— பெண்டாட்டி ஒளிச்சதைக் கண்டுபிடிக்கத் தெரியாதவன் எப்படி அத்தனை வருஷம் எம்.பி.யா இருந்திருக்க முடியும்? பேச்சை மாத்தாதே. நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு.

— அதான் சொல்லிட்டேனே. வேண்டாம்.

— நான் அனுமதி கேட்கலை. எப்படிச் சொன்னா நல்லா இருக்கும்னு கேட்டேன்.

— எப்படிச் சொன்னாலும் நல்லா இருக்காது. நெனச்சுப் பாருங்க. துறைமுகத்துல புதுப் படகு நிக்குது. ஸ்கெரவே தீவே திரண்டு வந்திருக்கு, தொட்டில்ல கெடக்கற புள்ளையிலேருந்து கட்டில்ல கெடக்கற கெழம் வரைக்கும். படகு மூக்குல ஆளுயர எழுத்துல ‘ஆர்ச்சிபால்ட் கின்னியர்’னு உங்க பேரு. பேக்பைப் ஊதறவன் மூஞ்சி பீட்ரூட்டா செவக்குற மட்டும் ஊதி முடிக்கறான். எஃபி அம்மா தேங்கா உடைக்கற மாதிரி படகு மேல ஒயின் பாட்டில உடைக்கறாங்க. நீங்க மைக்கப் புடிச்சு, ‘அன்பான தீவு மக்களே, உங்க படகை நான் வேணும்னு காப்பாத்தல, அன்னைக்குப் பார்லிமெண்டுல வாசல் மாறி நுழைஞ்சுட்டேன், அம்புட்டுதான்’னு சொல்லப்போறீங்க. ஜனம் கைதட்டுமா, கடல்ல குதிக்குமா?

— உண்மையைக் கேட்டு யாரும் கடல்ல குதிச்சதில்லை.

— நம்ம கட்சி மேடையில யாரும் சொல்லிப் பார்த்ததில்ல, துரை. அதனால தெரியாது.

— கிண்டல் போதும். அந்தக் காலுறையை எடு. சிவப்பு முடிச்சு வெளியே தெரியணும்.

— எடுக்கறேன். ஆனா ஒன்னு கேளுங்க. அந்த ஜனங்களுக்கு வாசல் மாறறதுன்னா என்னன்னே வெளங்காது. நீங்க அரிச்சுவடியிலேருந்து ஆரம்பிக்கணும். லண்டன்ல ஓட்டுப்போடறதுன்னா கையத் தூக்கறதில்ல, மணி அடிச்சதும் எழுந்து நடக்கறது. சபைக்கு இந்தப் பக்கம் ஒரு நீளக் கூடம், அந்தப் பக்கம் ஒரு நீளக் கூடம். ஆமாங்கறவன் ஆமாம் கூடத்துல நடக்கணும், இல்லைங்கறவன் இல்லை கூடத்துல நடக்கணும். கடைசி வாசல்ல ரெண்டு பேர் நின்னு, பட்டியிலேருந்து வர்ற ஆட்ட எண்ணற மாதிரி எண்ணுவாங்க.

— ஸ்கெரவேக்காரங்க ஆட்டுக்காரங்க. உடனே புரியும்.

— புரிஞ்சதும் கேப்பாங்க. எங்க ஆடுகூடப் பட்டி மாறி நுழையறதில்லயே, எங்க எம்.பி. எப்படி நுழைஞ்சாருன்னு.

— தூக்கக் கலக்கம்னு சொல்வேன். அதுதானே நடந்தது.

— அதச் சொல்லவும் உங்களுக்குத் தெரியாது. நான்ல சொல்லணும். மத்தியானம், ஆட்டுக்கறி வெச்ச ரொட்டிய வயிறு முட்டத் தின்னுட்டு, பார்லிமெண்டு நூலகத்துல காலை நீட்டித் தூங்கறீங்க. நீங்க விடற குறட்டையில மேல்தட்டுப் புஸ்தகமெல்லாம் ஒவ்வொன்னா எறங்கி வருது. சாயந்திரம் மணி அடிக்குது. பதறி எழுந்து ஓடறீங்க. மூக்குக்கண்ணாடி நாற்காலியிலயே கெடக்கு. முன்னால ஒரு பழுப்புக் கோட்டு முதுகு போகுது. நம்ம கட்சி எம்.பி. ஃபெர்கஸ் முதுகுதான்னு அதுக்குப் பின்னாலயே போறீங்க. உள்ள போனதும் அந்த முதுகு திரும்புது. பார்த்தா எதிர்க்கட்சி ஆளு, ஃபைஃப் ஊர்ச் சுரங்கத்து லேபர்காரன். முதுகா அது, கிட்டங்கிக் கதவு.

— போன தடவை சொன்னப்போ அலமாரிக் கதவா இருந்தது.

— முதுகு வயசாக ஆக வளரும், துரை.

— அதேபோல உன் கதையும். தீவுக்காரங்ககிட்டே நீ சொல்லி வெச்சிருக்கிறதைக் கேட்டேன். நான் பிரதமர் மேஜை மேலே குத்தி, ‘என் ஜனங்க படகைத் தொட்டா உங்க நாற்காலியைத் தொடுவேன்’னு முழங்கினேனாம். நான் பிரதமரோட பேசினது ஒரே ஒரு தடவை. உப்பு டப்பாவைத் தள்ளச் சொன்னார். தள்ளினேன்.

— நல்லாத் தள்ளுனீங்கன்னு பேரு.

— வாட்டி, என்னைப் பாரு. நான் விளையாட்டுக்குச் சொல்லலை. நான் கலகக்காரன் இல்லை, கட்சிக்காரன். என் தாத்தா கன்சர்வேடிவ், அப்பா கன்சர்வேடிவ், எங்க வீட்டு நாய்கூடக் கட்சியோட நீல ரிப்பன் கட்டினாத்தான் வாசலைத் தாண்டும். நானா கட்சி முதுகுல குத்தினவன்? அப்படிக் குத்தினதுக்காக ஒரு படகு, ஒரு பாட்டில், ஒரு பேக்பைப். இதை நான் கையைக் கட்டிக்கிட்டு வாங்கிக்கணுமா?

— நீங்க கட்சிக்காரர்னு எனக்கா தெரியாது? உங்களைக் கட்சி மொதல்ல க்ளாஸ்கோ கப்பல்பட்டறைத் தொகுதியில நிறுத்தினப்பவே தேர்தல் ஏஜெண்டாக் கூட வந்தவன் நான். ஜெயிக்கவே முடியாத எடத்துல புதுப்பையன நிறுத்தி, அடிதாங்கறானான்னு பாக்கறது நம்மாளுங்க வழக்கம். பட்டறை வாசல்ல நீங்க பேச நின்னீங்க. ஒருத்தன் சுட்ட ஹெர்ரிங் மீனத் தூக்கி எறிஞ்சான். நெஞ்சுல வந்து விழுந்துச்சு. எடுத்து மோந்து பாத்துட்டு, ‘வெண்ணெய் கொஞ்சம் கம்மி’ன்னீங்க. பட்டறையே சிரிச்சு, சுத்தியலெல்லாம் கீழ விழுந்து, கட்டிக்கிட்டிருந்த கப்பல் அதிர்ச்சியில தானா தண்ணியில எறங்கிடுச்சு.

— கப்பல் இறங்கலை.

— ஒரு பக்கமா சாஞ்சுது. அப்புறம் இங்க வந்தோம். மழையில வீடு வீடா நடந்தோம். ஓட்ஸ் வயல்ல நின்ன வெருளிப் பொம்மைக்குக் கைகொடுத்து, ‘வீட்டுல அம்மா சௌக்கியமா’ன்னு விசாரிச்சீங்க.

— கண்ணாடியில மழைத்தண்ணி.

— அதான் சொல்றேன், உங்க கண்ணு லட்சணம் ஊருக்கே தெரியும். மொதப் பேச்சு பேசினீங்க, ஆட்டுக்கு மருந்துக்குளியல் போடறதப் பத்தி. சபையில பாதிப் பேர் தூங்கிட்டாங்க, மீதிப் பேருக்கு அரிப்பு எடுத்துச்சு. சனிக்கிழமை சனிக்கிழமை ஊர்க்கூடத்துல உக்காந்து குறை கேட்டீங்க. பக்கத்து வீட்டுச் சேவல் விடியறதுக்குள்ள கூவுதுன்னு ஒரு அம்மா வந்தாங்க. நீங்க நேரா போயி சேவலோட பேச்சுவார்த்தை நடத்தினீங்க.

— அது ஒப்புக்கொண்டது. கட்சி அமைச்சர்களைவிட அதுக்கு நிதானம் அதிகம்.

— இப்படியே போயிருந்தா ஸ்காட்லாந்துத் துறைக்குத் துணைமந்திரியா ஆயிருப்பீங்க. கோட்டுகூடத் தைக்கக் கொடுத்தாச்சு. அந்த ஒரு சாயந்திரம் கெடுத்துச்சு. சின்னத் தீவுப் படகுக்கெல்லாம் இனி சர்க்கார் உதவி கிடையாதுன்னு நம்ம கட்சியே கொண்டுவந்த மசோதா, ஒரே ஒரு ஓட்டுல கவுந்துச்சு. யாரு ஓட்டுன்னு பாத்தா நம்ம ஓட்டு. கொறடா உங்களக் கூப்பிட்டு, ‘நீ துரோகியா, முட்டாளா, நீயே சொல்லு’ன்னாரு.

— முட்டாள்னு சொன்னேன்.

— ‘முட்டாள்னா பரவால்ல, நம்மகிட்ட நெறையப் பேரு இருக்காங்க’ன்னு விட்டுட்டாரு. மந்திரிப் பதவியையும் விட்டுட்டாரு. ஆனா நீங்க ஊர் திரும்பின ராத்திரி ஸ்கெரவே மலையுச்சியில தீ மூட்டினாங்க பாருங்க, அந்த வெளிச்சத்துல நார்வேக்காரன் விடிஞ்சுடுச்சுன்னு எழுந்து பல் தேய்ச்சான்.

— நார்வே கூட்டல். தீ நிஜம். கரையில நின்னு நானே பார்த்தேன்.

— அப்புறம் ஒரு தேர்தல்ல பெரிய அலை அடிச்சு, ஸ்காட்லாந்து பூரா நம்மாளு ஒருத்தர்கூட மிஞ்சல. நீங்களும் போனீங்க. ஆனா ஸ்கெரவேப் பெட்டியக் கொட்டினப்ப, நான் மேஜை மேல கழுத்த நீட்டி ஒவ்வொரு சீட்டாப் பாத்தேன். அத்தனையும் உங்களுக்கு. பொறந்ததுலேருந்து நீலத்துக்கு ஓட்டே போடாத ஜனம். அந்தத் தீவுல இன்னைக்குப் பாதி ஆம்பளைக்குப் பேரு ஆர்ச்சி. மீதி ஆர்ச்சியெல்லாம் ஆட்டுக்கிடா. அவங்க முன்னால போயி, ‘அது தப்பு’ன்னு சொல்லணுமா? கையாட்டிட்டு எறங்கி வந்துடுங்க, துரை. கெஞ்சிக் கேக்கறேன்.

— கர்னல் பிட்கேர்ன் வர்றாரா?

— கட்சிக் கிளைத்தலைவர் வராம இருப்பாரா? மொத வரிசை. உங்க மேல இருக்கற கோவம் இன்னும் ஆறல. ஆனா படம் எடுக்கறவங்க வர்றாங்களே.

— ஆண்டு விருந்துல உன்னை இன்னும் சமையலறை வாசல் பக்கமாத்தானே உட்கார வைக்கிறாங்க?

— ‘துரோகியோட ஏஜெண்டு’க்கு அது மரியாதையான எடம். ஆட்டு வயித்துல அடைச்சு வேகவெச்ச ஹேகிஸ் மொத வரிசையெல்லாம் சுத்தி என்கிட்ட வர்றதுக்குள்ள கல்லாயிடும். போன தடவை அறுக்கறதுக்கு ரம்பம் கேட்டேன். அத விடுங்க. வாசல்ல யாரோ வந்திருக்காங்க. நாய் குரைக்காம வாலாட்டுது, அப்ப எதிர்க்கட்சிதான். உள்ள வாங்க ஜெசியம்மா, கதவு தொறந்துதான் கெடக்கு.

— அடேய் ஆர்ச்சி, உயிரோட இருக்கியா? ஒன் நாயி நக்கியே என்னைப் பரலோகம் அனுப்பிடும்போல. அட இதென்ன கோலம்? கில்ட்டுக்குள்ள நீ இருக்கியா, ஒன் மேல கில்ட் ஒட்டிக்கிட்டிருக்கா?

— வாங்க, அம்மணி. லேபர் கட்சி எப்பவும் குறையைத்தான் பார்க்கும்.

— போய்யா. பக்கத்துத் தொகுதி எம்.பி.யா இருந்தவளாச்சேன்னு ரயிலேறி வந்திருக்கேன். ஒரு டீ குடுக்க ஆளில்ல. எஃபி எங்க?

— துறைமுகத்துல சாண்ட்விச் அடுக்கறாங்க. ஜெசியம்மா, நீங்க நல்ல நேரத்துல வந்தீங்க. துரைக்கு நீங்களாவது புத்தி சொல்லுங்க. இன்னைக்கு மேடையில, நான் வீரன் இல்ல, வாசல் மாறி நுழைஞ்ச முட்டாள்னு சொல்லப்போறாராம்.

— அப்படியா சொல்லப்போறான்?

— காலையிலேருந்து தொண்டைத்தண்ணி வத்தப் பேசிட்டேன். அசையமாட்டேங்கறாரு.

— வாட்டி, நீ போயி வண்டிய எடு. நான் பேசிப் பாக்கறேன்.

— எடுக்கறேன். அந்த லேண்ட்ரோவர் எங்க ரெண்டு பேரையும்விடக் கெழம். தாலாட்டுப் பாடி எழுப்பணும், அப்புறம் திட்டிக் கெளப்பணும். கொஞ்சம் நேரமாகும்.

— ம். போயிட்டான். இப்ப என் மூஞ்சியப் பாரு, ஆர்ச்சி.

— பார்க்கிறேன். கண்ணாடி போட்டிருக்கேன்.

— அன்னைக்கு அந்தக் கூடத்துல நானும் இருந்தேன். ஒன் தோளத் தட்டி, ‘மாடு தொழுவம் மாறி வந்திருக்கே’ன்னு சொன்னவளே நான்தான். மறந்துட்டியா?

— மறக்கலை.

— அதுக்கப்புறம் என்ன சொன்னேன்?

— அம்மணி, டீ ஆறிடும்.

— டீயே இன்னும் வரல. நானே சொல்றேன். தப்பா நுழைஞ்சவன் வெளிய போயி, சபையச் சுத்திக்கிட்டு எதிர்க் கூடத்துலயும் நடந்துடலாம். ரெண்டு பக்கமும் எண்ணிடுவாங்க, ஒன்னுக்கொன்னு கழிஞ்சுபோகும். அங்க காலங்காலமா அதான் வழக்கம். எங்க கட்சியில ஒரு கெழவன் மாசத்துக்கு ஒருக்கா அப்படித்தான் தன் ஓட்டத் தானே அழிப்பான். ‘ஓடு, எதிர்க் கதவ இன்னும் சாத்தல’ன்னு சொன்னேன். ஒன் கட்சி தோக்கணும்னு வந்தவ நான். ஒனக்கு வழி சொல்லணும்னு எனக்கென்ன தலையெழுத்து? ஆனாலும் சொன்னேன்.

— நீங்க நேர்மையான எதிரி.

— ஐஸ் வெக்காத. கதவு தொறந்திருந்துச்சு. நீ ஏன் போகல?

— போனேன்.

— எங்க போன?

— கழிப்பறைக்கு.

— வயித்துக் கோளாறா?

— இல்லை. உள்ளே தாழ்ப்பாள் போட்டு, மூடி மேலே உட்கார்ந்திருந்தேன். வாசல் காவலர் ஒருத்தர் வந்து தட்டினார். ‘ஐயா, கதவு சாத்தப்போறாங்க’ன்னார். ‘எனக்குக் கொஞ்சம் நேரமாகும்’னேன். சரியாச் சொன்னா, கதவு சாத்துற சத்தம் கேட்கிற வரைக்கும் நேரமாச்சு.

— அட கெழட்டு ஆடே. இத்தனை வருஷமா எனக்கே இது தெரியாதே. தூக்கக் கலக்கத்துல எங்கயோ வழி தவறிட்டன்னுல்ல நெனச்சேன்.

— நுழைஞ்சது தூக்கக் கலக்கம்தான். சுரங்கத்துக்காரர் முதுகு நிஜம். உட்கார்ந்திருந்தது மட்டும் முழிப்பு.

— ஏன்?

— அந்தக் குளிர்காலம் ஓட்டுக் கேட்க ஸ்கெரவேக்குப் போய் மாட்டிக்கிட்டேன். கடல் கொந்தளிப்பு, படகு வரலை. ஒரு வீட்டிலே இடம் கொடுத்தாங்க. என் கட்சியைக் கண்டாலே காறித் துப்புற வீடு. என் ஈரக் காலுறையை அவங்க அடுப்பு மேலேயே காயப் போட்டாங்க. அந்த வீட்டு அம்மா சன்னலை விட்டு நகரலை. புருஷனை இந்தக் கரை ஆஸ்பத்திரியிலே சேர்த்திருந்தாங்க. இருக்காரா இல்லையான்னு படகு வந்தாத்தான் தெரியும். கடைசியிலே படகு கண்ணுல பட்டப்போ அவங்க முகத்தைப் பார்த்தேன். கழிப்பறைக் கதவிலேயும் அந்த முகம்தான் தெரிஞ்சது. போதுமா?

— புருஷன் இருந்தாரா?

— இருந்தார். இன்னைக்குப் புதுப் படகோட முதல் கயிறு அவிழ்க்கிறது அவர் பேத்தி.

— அப்புறம் என்னய்யா? இது தைரியம்தானே. ஏன் முட்டாள் வேஷம் கட்டற?

— கழிப்பறையிலே ஒளிஞ்சதுக்குப் பேர் தைரியமா, அம்மணி?

— எங்க கட்சியில அதுக்குச் செயலாளர் பதவி குடுப்போம். நெசத்தச் சொல்லு.

— வாட்டிக்காக. மத்தவங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் கோயில், அவனுக்குக் கட்சி தினமும் கோயில். முட்டாளை அவன் மன்னிப்பான். துரோகியோட ஒரே வண்டியிலே ஏற மாட்டான். அதனாலே அவன்கிட்டே முட்டாளாவே இருந்துட்டேன். ஆனா கர்னலும் மத்தவங்களும் நம்பலை. என்மேலே இருக்கிற கோபத்தை அவன்மேலே காட்டி, சமையலறை வாசல்ல உட்கார வெச்சிருக்காங்க. இன்னைக்கு ஊர் அறிய, கர்னல் காதுபட, அது வெறும் தப்புன்னு நான் சொல்லிட்டா, அவன்மேலே இருக்கிற கறை போகும். எங்களுக்கு இனி எத்தனை விருந்து மிச்சம்?

— அதுக்காக அந்தத் தீவு முன்னாடி அசடா நிக்கப்போற.

— எனக்கு அது பழகின வேலை.

— அந்தப் பக்கம் திரும்பு. எனக்கு மூக்கச் சிந்தணும். கன்சர்வேடிவ்காரன் முன்னாடி சிந்தினேன்னு எங்க ஊர்ல தெரிஞ்சா பென்ஷன நிறுத்திடுவாங்க.

— கைக்குட்டை இந்தாங்க. நீலம்தான், மன்னிக்கணும்.

— கெளம்பிடுச்சு, துரை. ஒரு உதை உதைச்சேன், வண்டி தும்மின தும்முல கொட்டகைக் கூரையே ஒருதரம் எழும்பி உக்காந்துச்சு. என்ன ஜெசியம்மா, மனசு மாறினாரா?

— இல்ல, வாட்டி. சொல்லியே தீருவானாம். வாசல் மாறினதுதான், வேற ஒன்னும் இல்லன்னு.

— அப்ப நான் சாகற வரைக்கும் சொல்லக்கூடாதுன்னு வெச்சிருந்ததச் சொல்லவேண்டியதாப் போச்சு. துரை, அன்னைக்கு உங்க கழிப்பறைக் கதவத் தட்டின காவலர் டூகல்ட் என் பெண்டாட்டிக்கு அண்ணன். மறுநாள் காலையிலயே எனக்குப் போன் பண்ணிட்டாரு.

— வாட்டி.

— உண்மையச் சொல்லப்போறேன், உண்மையச் சொல்லப்போறேன்னு நீங்க குதிக்கறீங்க. அது உண்மை இல்லைங்கறதாலதான் நான் காலையிலேருந்து தடுக்கறேன்.

— அப்போ அன்னையிலேருந்தே உனக்குத் தெரியுமா? தெரிஞ்சுமா, அத்தனை தேர்தல், அந்த மழை, ஓட்டுக் கேட்கப் போய் வாங்கின நாய்க்கடி, கர்னலோட ஏச்சு...

— அந்தப் போன் வர்ற வரைக்கும் நான் கட்சிக்குத்தான் ஏஜெண்டா இருந்தேன், துரை. அதுக்கப்புறந்தான் உங்களுக்கு.